சைக்கிள் கேள்வி–பதில்: ஒன்று போதுமா, மூன்று வேண்டுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எத்தனை சைக்கிள் வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தன. அதனால் பிரேக், பஞ்சர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: அண்ணா, எனக்கு 41 வயது, எடை 74 கிலோ. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி ஆபீசுக்குத் தினமும் சைக்கிளில் போவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஞாயிறு விடிகாலையில் நண்பர்களோடு ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொல்லிமலை ஏற வேண்டும் என்று ஆசை. கடையில் ஆபீசுக்கு இரண்டும் கலந்த ஹைபிரிட், ஈ.சி.ஆருக்கு மெல்லிய டயர் ரோடு பைக், மலைக்கு எம்.டி.பி. என்கிற மவுண்டன் பைக் என்று மூன்று காட்டுகிறார்கள். இப்போது ஒன்று, அப்புறம் ஒவ்வொன்றாக மூன்றையும் வாங்கிவிடலாமா? (தாம்பரம் வாசகர்)

ப: வேண்டாம் தம்பி. ஒன்று வாங்குங்கள், அதை நல்லதாக வாங்குங்கள்.

முதலில் அந்த எம்.டி.பி.யைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பெயரைப் பார்த்து அது மலை ஏறுவதற்கான சைக்கிள் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது மலையில் கல்லும் வேருமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதைக்காகச் செய்தது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அத்தனையும் தார் ரோடுதான், அதில் ஷாக் அப்சார்பரும் குமிழ் குமிழாக இருக்கும் பட்டன் டயரும் உங்கள் மூச்சைத்தான் வாங்கும். மலை ஏற்றிவிடுவது கியர். முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் சரியாக ஒரு சுற்று சுற்றும், அதாவது இரண்டு மீட்டரும் கொஞ்சமும் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் சொச்சம் வரும். இந்த வேகத்தில் 74 கிலோ ஆள் மூச்சு முட்டாமல், முட்டியைக் கெடுத்துக்கொள்ளாமல் மேலே போய்ச் சேரலாம். அதே இடத்தில் முன்னால் 39, பின்னால் 25 என்று பந்தயக் கணக்கில் பல் வைத்த சைக்கிள் இருந்தால், இதே நிதானத்தோடு மிதிக்க மணிக்கு 12 கிலோமீட்டரில் ஏற வேண்டும். நம்மால் அது முடியாது, எழுந்து நின்று அழுத்துவோம், பத்தாவது வளைவிலேயே தொடை இறுகிப்போகும். ஆக, மலைக்காகத் தனி சைக்கிள் வாங்க வேண்டாம், வாங்குகிற சைக்கிளில் பல் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது டயர். சைக்கிளை இன்னதென்று ஆக்குவதில் முக்கால் பங்கு டயருக்கு என்பேன். கடையில் ‘ஹைபிரிட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதாலேயே அது எல்லா வேலைக்கும் ஆகிவிடாது. விலை குறைந்த ஹைபிரிட்டுகளில் முன்னால் ஒரு ஸ்பிரிங் ஷாக் வைத்து அதிலேயே இரண்டு கிலோவை ஏற்றிவிடுகிறார்கள், நகரத்து ரோட்டில் அதனால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது சட்டத்தில் எவ்வளவு அகலமான டயர் போகும் என்பதைத்தான். கடைக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம். பின்சக்கரம் நுழையும் இடத்தில், இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள அகலத்தை அளந்து பாருங்கள். 35 மி.மீ. டயரும், அதற்கு மேலே மட்கார்டும், இரண்டு பக்கமும் ஐந்தாறு மி.மீ. சந்தும் இருக்க வேண்டும். மட்கார்டு எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கரணைத் தண்ணீரைத் தாண்டி ஆபீஸ் போய் நிற்கப்போவது நீங்கள், அவர்கள் இல்லை.

கூடவே ஆக்சிலுக்குப் பக்கத்திலும் சீட்டுக்குக் கீழேயும் கேரியர் மாட்டும் திருகு துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கேரியரில் பை தொங்குவதற்கும் முதுகில் பை தொங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சித்திரை வெயிலில் சட்டையின் முதுகைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

இந்த மூன்றும் உள்ள, கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில் போட்ட சைக்கிள்கள் இப்போது நம் கடைகளில் கிராவல் என்றோ டூரிங் என்றோ கிடைக்கின்றன. அதில் வழவழப்பான 32 மி.மீ. டயரைப் போட்டு 60 பி.எஸ்.ஐ. பக்கம் காற்று பிடித்து ஈ.சி.ஆருக்குப் போங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மெல்லிய டயர் ரோடு பைக்கில் வருகிற நண்பரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் உழைக்க வேண்டியிருக்கும், எதிர்க்காற்று அடிக்கிற நாளில் அது தெரியவும் செய்யும். ஆனால் மணிக்கு 25 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் நம்மை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு காற்றுக்குத்தான். காற்றை வெட்டுவது குனிந்த உடம்பு. டிராப் ஹேண்டிலில் குனிந்து கூட்டத்தின் நடுவில் போனால் பின்தங்க மாட்டீர்கள்.

பிறகு எப்போதாவது இன்னும் வேண்டும் என்று தோன்றினால் இன்னொரு சைக்கிள் வாங்காதீர்கள், இன்னொரு ஜோடி சக்கரம் வாங்குங்கள். சக்கர அளவு 700சி என்று எழுதியிருந்தாலும் 29 இன்ச் என்று எழுதியிருந்தாலும் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் ஒன்றுதான், 622 மி.மீ. ஒரு ஜோடியில் 28 மி.மீ. டயர், இன்னொன்றில் 38. ஆக்சில் வகையும் பின்பக்கம் எத்தனை கியர் என்பதும் பொருந்த வேண்டும், டிஸ்க் பிரேக் தட்டு இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி மாற்றிப் போட ஐந்து நிமிஷம் ஆகும்.

கே: சார், என்னிடம் நாலு சைக்கிள் இருக்கிறது. ரோடு பைக், எம்.டி.பி., ஹைபிரிட், நாலு இன்ச் டயர் போட்ட ஃபேட் பைக். போன ஒரு வருஷத்தில் ஹைபிரிட்டைத் தவிர எதையும் பத்து தடவைக்கு மேல் எடுக்கவில்லை. வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். எங்கள் குரூப்பிலோ, இருக்க வேண்டிய சைக்கிள் இருப்பதைவிட எப்போதும் ஒன்று அதிகம் என்கிறார்கள். மனசு வரவில்லை. (கோவை வாசகர்)

ப: வீட்டில் சொல்வது சரி. ஆனால் ஏன் மனசு வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. நானும் ஒரு ரோடு பைக்கை ஆசைப்பட்டு வாங்கி இரண்டு வருஷம் சுவரில் மாட்டி வைத்திருந்தவன். ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் அடுத்த மாதத்திலிருந்து ஓட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாள் இறக்கிப் பார்த்தபோது செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் காவி நிறத்தில் துரு பூத்திருந்தது. கியர் ஒயர் உறைக்குள் இறுகி நகரவே இல்லை. டயரின் பக்கவாட்டில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள். டியூப்லெஸ் டயருக்குள் பஞ்சரை அடைக்க ஊற்றிய பாலைச் சொல்லவே வேண்டாம், நம் வெயிலில் சில மாதங்களிலேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சைக்கிள் ஓடித் தேய்ந்தால் வருத்தமில்லை, நின்றே கெட்டுப்போவதைப் பார்ப்பது கஷ்டம். அதை ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்தேன். ஒயர், டயர், செயின் மாற்றி வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டுகிறான்.

நாலு சைக்கிள் என்றால் எட்டு டயர், நாலு செயின், எட்டு ஜோடி பிரேக் கட்டை. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு ஓவர்ஹால் வீதம் நாலு ஓவர்ஹால். செலவைக்கூட விடுங்கள், கவனம் நாலாகப் பிரிந்துபோகிறது என்பதுதான் என் கவலை. ஒரே சைக்கிளைத் தினம் ஓட்டுகிறவருக்கு அதன் சத்தம் காதில் பழகியிருக்கும். பெடலில் ஒரு ‘டிக்’ கூடினால் அன்றைக்கே தெரியும், பின் ஹப்பில் பால்ரஸ் ஆடினால் அடுத்த வளைவிலேயே இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்தால், 24 பின் தள்ளி இருப்பது சரியாக 12 இன்ச்சில் நிற்கும். ஓட ஓட பின்கள் தேய்ந்து அது கொஞ்சம் கொஞ்சமாக 12 இன்ச்சைத் தாண்டிப் போகும். 12-ஐத் தாண்டி ஓர் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு வந்துவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் அது பல்லையெல்லாம் கொக்கி மாதிரி தேய்த்துவிட்டு பின்பக்கப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் செலவையும் இழுத்துவிடும். ஒரு சைக்கிள் வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை இதைப் பார்ப்பார். நாலு வைத்திருக்கிற நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

குரூப்பில் சொல்லும் கணக்கைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சைக்கிள் சேர்ப்பதும் ஓர் ஆசைதான், இடமும் பணமும் பார்த்துக்கொள்ள நேரமும் உள்ளவர் சேர்க்கட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் கடிதம் சைக்கிள் ஓட்டுகிறவர் எழுதிய கடிதம். ஃபேட் பைக்கை முதலில் கொடுத்துவிடுங்கள், நாலு இன்ச் டயர் பனியிலும் மணலிலும் புதையாமல் போவதற்காக வந்தது, அவினாசி ரோட்டில் அது வெறும் சுமை. எம்.டி.பி.யில் நிஜமாகவே மண் பாதைக்குப் போனீர்களா என்று யோசியுங்கள். போயிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு பைக்கையும் ஹைபிரிட்டையும் மூன்று மாதம் வாரம் மாற்றி வாரம் ஓட்டிப் பாருங்கள், எதை எடுக்கக் கால் தானாகப் போகிறதோ அது உங்களுடையது.

கே: என்னிடம் இருப்பது 12 வருஷப் பழைய 26 இன்ச் எம்.டி.பி. முன்னால் மட்டும் ஷாக். கல்லூரிக்கு 9 கிலோமீட்டர். வேறு வாங்க வசதி இல்லை. இதையே வேகமாக ஓடவைக்க முடியுமா? (விழுப்புரம் மாணவர்)

ப: தாராளமாக. பட்டன் டயரைக் கழற்றிவிட்டு 26 இன்ச்சில் ஒன்றரை இன்ச் அகல வழவழப்பு டயர் போடுங்கள், அந்த அளவுக்குப் பொருந்தும் டியூபையும் கேட்டு வாங்குங்கள். டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டாமல் காற்றைக் கெட்டியாக வையுங்கள். ஷாக்கின் தலையில் பூட்டும் திருகு இருந்தால் பூட்டிவிடுங்கள். பின்சக்கரத்தைப் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள், பெடலைச் சுற்றும் இடத்தில் கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். சீட்டையும் ஏற்றுங்கள், நம் பையன்கள் எல்லாரும் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

கே: 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன். கார்பன் ரோடு பைக் இல்லாமல் முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். என்னிடம் இருப்பது கேரியர் வைத்த ஹைபிரிட். (திருச்சி வாசகர்)

ப: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிஷம் கொடுக்கிறார்கள். சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர்கூட வேண்டாம். உங்கள் ஹைபிரிட் போதும். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறதே, 1891-ல் பந்தயமாகத் தொடங்கியது, அதை இப்போது 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதிலேயே மடக்கு சைக்கிளிலும் இரட்டை ஆள் சைக்கிளிலும் வந்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நேராக இருக்கும் ஹேண்டிலில் ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உள்ளங்கை மரத்துப்போகும், அதற்கு ஹேண்டில் முனையில் சின்னக் கொம்பு மாட்டிக்கொண்டு கையை மாற்றி மாற்றி வையுங்கள். மற்றபடி இரண்டு டியூப், பம்ப், நல்ல லைட். இருட்டில் லைட் அணைந்து திரும்பியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கே: என் மகளுக்கு 15 வயது. ரோடு பந்தயத்தில் நன்றாக ஓட்டுகிறாள். சரிந்த வட்டத் தளமான டிராக்கிலும் ஓட்டினால் முன்னுக்கு வருவாள் என்று கோச் சொல்கிறார், அதற்குத் தனி சைக்கிள் வேண்டும் என்கிறார். ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ள முடியாதா? (ஒரு தந்தை, மதுரை)

ப: இங்கே என் பதில் மாறுகிறது. கோச் சொல்வதைக் கேளுங்கள். டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, கியர் மாற்ற முடியாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சரிந்த தளத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு பறக்கும்போது முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு. அதே சைக்கிளை மதுரை ரோட்டுக்குக் கொண்டுவந்தால் உயிருக்கு ஆபத்து. ஒன்று செய்வதை மற்றது செய்யவே முடியாது என்கிறபோது இரண்டு வேண்டியதுதான்.

பந்தயம் என்று வந்துவிட்டால் வினாடிக்கு விலை உண்டு. 1989-ல் நடந்த டூர் தெ பிரான்ஸ் என்ற பல நாள் பந்தயத்தின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகத் தனியே ஓட்டுவது. கிரெக் லெமாண்ட் என்ற வீரர் அதுவரையான மொத்த நேரத்தில் 50 வினாடி பின்தங்கியிருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஹேண்டிலோடு ஓட்டி, முதலிடத்தில் இருந்த லொரான் ஃபின்யோனைவிட 58 வினாடி முன்னால் வந்தார். 3,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பந்தயத்தை 8 வினாடியில் ஜெயித்தார். அந்த இடத்தில் தனிக் கருவிக்கு அர்த்தம் இருக்கிறது. வேளச்சேரி ஆபீசுக்கு எட்டு வினாடி முன்னால் போய் என்ன செய்வது?

ஒரு விஷயம். உங்கள் மகள் இன்னும் வளரக்கூடும். கிளப்பில் டிராக் சைக்கிள் இரவல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், வளர்ந்து முடித்த பிள்ளைகளின் சைக்கிள் கைமாறி வரும். கிடைக்காவிட்டால் மட்டும் வாங்குங்கள், அதையும் கோச்சைக் கூட வைத்துக்கொண்டு அளவு பார்த்து வாங்குங்கள்.

கே: அண்ணா, நான் ஐந்தடி உயரம், அவர் ஐந்தே முக்கால் அடி. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பள்ளி 5 கிலோமீட்டர். நாலு வயது மகளை வழியில் பாலர் பள்ளியில் விட வேண்டும், வரும்போது காய்கறி வாங்க வேண்டும். அவருக்கு எப்போதாவது கடைத்தெருவுக்குப் போக வேண்டும். இருவருக்கும் ஆகிற மாதிரி ஒரே சைக்கிள் வாங்கலாம் என்கிறார். லேடீஸ் சைக்கிளா, ஜென்ட்ஸ் சைக்கிளா? (தஞ்சாவூர் வாசகி)

ப: அம்மா, ஒரே சைக்கிள் பல வேலைக்கு ஆகும், ஆனால் உயரத்தில் முக்கால் அடி வித்தியாசமுள்ள இரண்டு பேருக்குச் சரியாக ஆகாது. சீட்டை ஏற்றி இறக்கலாம், சீட்டிலிருந்து ஹேண்டிலுக்கு உள்ள தூரத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. அவர் அளவுக்கு வாங்கினால் நீங்கள் ஹேண்டிலை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும், நிற்கும்போது கால் தரையில் பதியாது, பின்னால் பிள்ளையும் இருக்கும். தினமும் ஓட்டப்போவது நீங்கள். உங்கள் அளவுக்கு வாங்குங்கள். எப்போதாவது கடைத்தெருவுக்குப் போகிறவர் சீட்டை ஏற்றிக்கொண்டு சமாளித்துக்கொள்ளட்டும்.

லேடீஸா ஜென்ட்ஸா என்ற கேள்விக்கு உங்கள் பக்கத்து மாவட்டத்துப் பெண்கள் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும். அவர்களில் பலர் ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றார்கள். காரணம், சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டலாம். எந்த வேலைக்கும் போகிற ஒரே வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்கு இதில் இன்றைக்கும் பெருமை உண்டு.

ஆனாலும் உங்களுக்கு நான் குறுக்குக் கம்பி இல்லாததைத்தான் சொல்வேன். இன்றைக்குக் கேரியரில் மாட்டும் பிள்ளை சீட் கிடைக்கிறது. புடவையோ சுடிதாரோ, பின்னால் பிள்ளையும் இருக்கும்போது காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சிரமம், முன்பக்கமாகக் காலை நுழைத்து ஏறிக்கொள்வதுதான் நிதானம். கேரியரில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கும், 25 கிலோ உள்ளதை எடுத்தால் உங்கள் மகளும் அவள் சீட்டும் அதற்குள் அடங்கும். காய்கறிக்கு முன்னால் கூடை. ஒற்றைக் கால் ஸ்டாண்டு வேண்டாம், இரட்டைக் கால் ஸ்டாண்டு போடுங்கள், இல்லையென்றால் பிள்ளையை ஏற்றும்போது வண்டி சாயும்.

கடைசியாக, கடையிலிருந்து வண்டியை எடுப்பதற்கு முன்னாலேயே பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் புடவை கார்டு மாட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் போதும் என்று சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் காலைத் தொங்கவிடுவார்கள், குதிகால் சக்கரக் கம்பிக்குள் போவது ஒரு நொடியில் நடந்துவிடும். சீட்டில் கால் வைக்கும் இடமும் அதற்குப் பட்டையும் இருக்கிறதா பாருங்கள். மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவளை அதில் உட்கார வைத்து, கால் எதுவரை எட்டுகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.